மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத உயரத்துக்காக

சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டட் (நட்டு முறுக்கும் இரும்புத் தண்டு) முறிந்தால், முதலில் அதன் முறிந்த முகத்தைப் பார்ப்பேன். ஒரே அடியில் முறிந்த இரும்பு, உடைத்த கற்கண்டு போலச் சொரசொரப்பாக மின்னும். நாள்கணக்கில் ஆடி ஆடி முறிந்ததென்றால் வழவழப்பாக, பிறை பிறையாக வரி விழுந்திருக்கும். சில்வர் பீச்சில் அலை திரும்பும்போது மணலில் விட்டுப்போகும் கோடுகளைப் போல. செம்மண்டலத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் நான் குனிந்து பார்த்த ஆறு ஸ்டட்டுகளில் ஐந்தில் இந்த வரிகள் இருந்தன. கற்கண்டு ஒன்றே ஒன்றுதான்.

க்ளைம் படிவத்தில் எழுதியிருந்தது: "பள்ளத்தில் இறங்கியதில் முன் சக்கரம் கழன்றது."

கடலூரிலும் புதுச்சேரியிலும் மோட்டார் காப்பீட்டு சர்வேயராக, விபத்து வண்டிகளின் சேதத்தை மதிப்பிடும் வேலை பார்க்கிறேன். இது சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஓர் இரட்டைக் கேபின் பிக்-அப். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். உரிமையாளர் துறைமுகப் பக்கம் மீன் வியாபாரம் செய்பவர். முள்ளோடையைத் தாண்டிப் போகும்போது இடது முன் சக்கரம் தனியாக ஓடி, சாலையோர இளநீர் வண்டியைச் சாய்த்துவிட்டு நின்றிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. பிக்-அப் மட்டும் பிரேக் டிஸ்க்கைத் தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டு போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியது.

கம்பெனி சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை மாட்டியிருந்தார். "வெள்ளத்துக்காகத்தான் சார் மாற்றினேன்" என்றார். நம்பினேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அதன் பின்னாலேயே தென்பெண்ணை பெருகி வந்ததைப் பார்த்தவர்கள் வண்டி உயரமாக இருந்தால் தேவலை என்று நினைப்பது இயல்பு. அந்த மழைக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பெரிய சக்கரம் போட்ட வண்டிகள் என் கண்ணில் அதிகமாகவே படுகின்றன.

ஆனால் கணக்கு வேறு. கம்பெனி கொடுத்த டயர் 255/60 ஆர்18, விட்டம் 763 மில்லிமீட்டர். அவர் மாட்டியது 285/70 ஆர்17, விட்டம் 831. வித்தியாசம் 68 மில்லிமீட்டர், அதில் பாதிதான் வண்டியைத் தூக்கும். மூன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. இதற்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவழித்திருக்கிறார். பாலிசியில் 'இன்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் கவர் இல்லை. தண்ணீரில் ஓட்டி இன்ஜினுக்குள் நீர் புகுந்தால், பெரும்பாலான பாலிசிகளில் காப்பாற்றுவது அந்தக் கவர்தான், சக்கரம் அல்ல.

உயரம்தான் கிடைக்கவில்லை, வேறு சில விஷயங்கள் கேளாமலேயே கிடைத்தன. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 87-ல் போகும். புதிய ரிம்மின் ஆஃப்செட், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவு, வேறு என்பதால் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 5 சென்டிமீட்டர் வெளியே தள்ளி நின்றது. கையைத் தோளோடு ஒட்டி வாளியைத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் பேரிங்குக்கும் ஸ்டட்டுக்கும் உண்டு. போதாக்குறைக்கு, ரிம்மின் நடுத்துளை, அது மாட்டிக்கொள்ளும் ஹப் என்ற நடுக்குடத்தைவிடப் பெரியது. இடைவெளியில் என் சுண்டுவிரல் நகம் தாராளமாக நுழைந்தது. ஹப்பின் மேல் உட்காரவேண்டிய பாரத்தை ஆறு நட்டுகள் மட்டும் சுமந்திருக்கின்றன. மாட்டிய நூறு கிலோமீட்டருக்குள் டார்க் ரென்ச் (குறித்த விசையில் முறுக்கும் கருவி) வைத்து நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்வது டயர் கடைக்காரரின் கடமை. இவரிடம் யாரும் சொல்லவில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். "புதுச்சேரிப் பதிவுதானே, தமிழ்நாட்டு விதி எனக்கு எதற்கு" என்ற பேச்சை முள்ளோடைக்கு இருபுறமும் கேட்டிருக்கிறேன். வரிதான் வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988 மத்தியச் சட்டம். அதன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சரக்கு வாகனம் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும்: அவர்களுடைய பதிவுப் படிவத்தில் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் தனித்தனியாக டயர் அளவுக்கென்றே ஓர் இடம் உண்டு.

வழியில் யாரும் நிறுத்துவதில்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால் மோதலுக்குப் பிறகு வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்க்க ஒருவன் வருவான், அவன் கையில் கேமரா இருக்கும்.

பாலிசியில் இரண்டு தனி வாக்குறுதிகள் இருக்கின்றன. தேர்டு பார்ட்டி பகுதியில், அதாவது பிறருக்கு நேரும் சேதத்துக்கான பகுதியில், நிறுவனம் கைவிரிப்பதற்கான காரணங்களை அதே சட்டத்தின் 150-ஆம் பிரிவு குறுக்கி வைத்திருக்கிறது. சக்கரம் மாற்றியதை மட்டும் காட்டி இளநீர்க்காரருக்கு இல்லையென்று சொல்லிவிட்டுப் போவது எளிதல்ல. சொந்த வண்டிச் சேதம் அப்படியல்ல, அது முழுக்க ஒப்பந்தம். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க நியாயமான முயற்சி எடுக்கவேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. சொல்லாமல் மாட்டிய உதிரிச் சாதனங்களின் விலை ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குக் குறித்த மதிப்பு) சேராது. டயருக்கு எப்படியும் பாதித் தேய்மானம் கழியும். நிபந்தனை மீறிய க்ளைமை அடியோடு தள்ளாமல் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற வழி 2010 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் வாதாடவேண்டும்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கருத்து உண்டு. சக தொழிலர் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. மியூசிக் சிஸ்டம் மாற்றிய வண்டி பின்னால் இடிபட்டால், அந்த மாற்றத்தைக் காட்டிப் பணத்தைக் குறைப்பது அநியாயம். விபத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டும். இந்த வண்டியில் தொடர்பு என் உள்ளங்கையிலேயே கிடந்தது, பிறை வரிகளோடு. பள்ளத்தில் இறங்கியதும் பொய்யில்லை. அந்த ஆறாவது ஸ்டட் அங்கேதான் போயிருக்கும். இரண்டையும் எழுதினேன். ரிம், டயர், ஸ்டட் எதற்கும் நிறுவனம் பணம் தரவில்லை. மீதியில் கால் பங்கைக் கழித்துக்கொண்டார்கள்.

அலாய் வீல் ஆசைப்படுகிறவர்களை நான் தடுப்பதில்லை. அதே மாடலின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு என்ன என்று கையேட்டில் பாருங்கள், அதைத் தாண்டாதீர்கள். ரிம்மின் உட்புறத்தில் எடை தாங்கும் அளவு பொறித்திருக்கிறதா, டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி எண்டார்ஸ்மென்ட், அதாவது மாற்றத்தைப் பாலிசியில் சேர்த்த எழுத்துக் குறிப்பு, வாங்குங்கள். ஏஜென்டிடம் வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. வெளிப்பக்கம் வளையம் வைத்து போல்ட் போட்ட பீட்லாக் ரிம் மட்டும் வேண்டாம். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டுவதற்கென்று உருவானது அது, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அல்ல.

சர்வே முடிந்து கிளம்பும்போது, பழைய சக்கரங்கள் எங்கே என்று மீன் வியாபாரியிடம் கேட்டேன். டயர் கடைக்காரர் விலையில் கழித்துக்கொண்டாராம், நாலும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம். மறுவாரம் அதே கடையில் அதே நாலு சக்கரங்களை இருபத்தெட்டாயிரத்துக்குத் திரும்ப வாங்கியிருக்கிறார். ஒன்றின் மேல் அவர் பையன் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை என்றார்.