அவகாசம்: எல்லைக்கு அப்பால் மாறும் பொருள்

கேரளக் காவல் நிலையமொன்றில் கைதானவரிடம் "வக்கீலினெ காணான் நிங்ஙள்க்கு அவகாசமுண்டு" என்று சொல்லப்படுகிறது. அவர் தமிழ் மட்டுமே அறிந்தவரானால், வழக்கறிஞரைப் பார்க்க நேரம் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிக் கைதுக் குறிப்பில் கையெழுத்திட்டுவிடக்கூடும். சொல்லப்பட்டதோ, வழக்கறிஞரைக் காண அவருக்கு உரிமை உண்டு என்பது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம் முதலிய தமிழக எல்லையை ஒட்டிய கேரளப் பகுதிகளில் இரு மொழிகளும் நாள்தோறும் காதில் விழுவதால் மொழிபெயர்ப்பே தேவையில்லை என்று கருதிவிடுவது எளிது. ஆனால் அறியாத சொல்லுக்கு விளக்கம் கேட்பவர்கூட, அறிந்ததாகத் தோன்றும் சொல்லுக்குக் கேட்பதில்லை.

'அவகாச' என்னும் வடசொல்லுக்கு இடைவெளி, இடம், வாய்ப்பு என்பன பொருள். தமிழில் அது காலத்தைக் குறித்தது; கடனைத் திருப்பவும் பதில் மனு தாக்கல் செய்யவும் அவகாசம் கேட்கிறோம். மலையாளத்தில் ஒருவருக்கு உரியது என்ற பொருள் நிலைத்தது: அடிப்படை உரிமை அங்கே மௌலிகாவகாசம், உரிமையுடையவர் அவகாசி. 'சாவகாசம்' மட்டும் இரு மொழிகளிலும் ஆற அமர என்ற பொருளிலேயே வழங்குகிறது. ஆந்திர எல்லையில் இக்குழப்பம் வேறு வகையானது. தெலுங்கில் அவகாசம் என்பது வாய்ப்பு, உரிமைக்கு அங்கே 'ஹக்கு' என்பார்கள்.

இங்கே நேரம், உரிமை என்ற வேறுபாட்டைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. தமிழில் அவகாசம் பிறர் கொடுப்பது. நீதிபதி கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். உரிமையோ 'உரி' என்னும் அடியில் பிறந்த சொல், உரியது என்பதையே சுட்டுவது. விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசிப்பதை அரசியலமைப்பின் 22(1)ஆம் பிரிவு உறுதிசெய்திருக்க, அதைக் காவலர் காட்டும் சலுகையாகக் கைதானவர் எண்ணும்படி விடுவது பெரும் அநீதி.

தடுப்புக்காவல் தொடர்பான ஹரிகிசன் வழக்கில், ஆங்கிலத்தில் தந்த காரணங்களை வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்னது போதாது என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே கூறியது. கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கிலும் தீர்ப்பளித்தது. காரணங்களுக்குப் பொருந்தும் இந்த அக்கறை உரிமைகளை அறிவிக்கும் வாசகத்துக்கும் வேண்டும் என்பதே என் கருத்து.

ஆகவே மலையாள அவகாசத்துக்குத் தமிழில் 'உரிமை' என்றே எழுத வேண்டும். 'பார்க்கலாம்' என்பதும் போதாது, அது அனுமதியாகவே ஒலிக்கும். "உங்கள் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதை இப்போதே கேட்கலாம்" என்று எழுதினால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ண இடமிராது.