அன்ரிலையபிள் நரேட்டர்: பொய்யன்னு அர்த்தம் இல்ல

விடலைப் பையன் தன் கதையைத் தானே சொல்ற நாவலை யாராவது அலசினா ‘அன்ரிலையபிள் நரேட்டர்’ங்கிற வார்த்தை, அதாவது சொல்றதை அப்படியே நம்பிட முடியாத கதைசொல்லி, கட்டாயம் வந்துடும், படிக்கிறவங்க பாதிப்பேர் அதை ‘பொய் சொல்ற ஆளு’ன்னு எடுத்துக்கிட்டு தாண்டிப் போயிடுறாங்க.

இந்தச் சொல்லை விமர்சனத்துக்குள்ள கொண்டு வந்தவர் வெய்ன் பூத், அமெரிக்க விமர்சகர், 1961ல வந்த ‘தி ரெட்டரிக் ஆஃப் ஃபிக்‌ஷன்’ புத்தகத்துல. அவர் பார்வையில, நாவல் மொத்தமா எதை சரின்னு காட்டுதோ அதோட ஒத்துப்போய் பேசுறவன் நம்பத்தகுந்தவன், அதுல இருந்து விலகிப் பேசுறவன் அப்படி இல்லாதவன். பொய்யே சொல்லணும்னு இல்ல, தன்னைப் பத்தி தனக்கே விளங்காம இருந்தாலும் போதும்.

1951ல வந்த சாலிஞ்சரோட ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலை எடுத்துக்கோங்க. அதுல கதை சொல்ற பையன் ஹோல்டன், தன்னை மாதிரி புளுகன் கிடையாதுன்னு அவனே சொல்லிடுறான். ரயில்ல கூடப் படிக்கிறவனோட அம்மாவைப் பார்த்ததும் பேரை மாத்திச் சொல்றான், தனக்கு மூளையில கட்டி, ஆபரேஷன்னு அளந்து விடுறான், அந்த மகன் மோசமானவன்னு நமக்கு மட்டும் சொல்லிட்டு அந்தம்மாகிட்ட அவனைத் தூக்கி வச்சுப் பேசுறான். நிறைய பேர் உதாரணம்னு காட்டுறது இந்த இடத்தைத்தான், ஆனா இதுல நம்மள அவன் ஏமாத்தவே இல்லையே, பொய் சொன்னேன்னு நம்மகிட்ட ஒத்துக்கிட்டுத்தானே சொல்றான்!

அசல் இடம் வேற. கண்ணுல படுற ஆளையெல்லாம் போலின்னு திட்டுறவன், நியூயார்க் ராத்திரியில டாக்ஸி டிரைவரைக் கூட ‘வாங்க, ஒரு டிரிங்க் சாப்பிடலாம்’னு கூப்பிடுறான், போலின்னு அவனே நினைக்கிற சாலிங்கிற பொண்ணுகிட்ட போய் ரெண்டு பேரும் எங்கயாவது ஓடிப்போயிடலாம்ங்கிறான். மனுஷங்க பிடிக்கலைன்னு வாய் சொல்லுது, மனுஷங்க இல்லாம ஒரு மணி நேரம் இருக்க முடியலைன்னு செய்கை சொல்லுது, இந்த இடைவெளிக்குத்தான் அந்தப் பேரு.

சொல்லோட வேரைப் பார்த்தா, நரேட்டர் லத்தீன்ல ‘எடுத்துச் சொல்றது’ங்கிற வினையில இருந்து வந்தது, ‘அறிஞ்ச’ங்கிற சொல்லுக்கும் அதுக்கும் உறவு உண்டு. அன்ரிலையபிளுக்குள்ள இருக்கிற ரிலை, ‘சேர்த்துக் கட்டுறது’ங்கிற அர்த்தத்துல பிரெஞ்சு வழியா வந்தது.

தமிழ்ல ‘நம்பகமற்ற கதைசொல்லி’ன்னு எழுதலாம், என் ஓட்டு இதுக்குத்தான். எடுத்துரைப்பியல்காரங்க, அதாவது கதை சொல்ற விதத்தை ஆராயுறவங்க, ‘எடுத்துரைப்பாளர்’னு போடுவாங்க, கதைசொல்லின்னா மேடையில கதை சொல்றவர்னு குழம்பிடக் கூடாதுன்னு பார்த்தா அது நியாயம்தான், ஆனா வாய்க்கு வசதியா இல்ல. எழுதுறவர் வேற, பேசுற ஆள் வேறங்கிறது நமக்கொண்ணும் புதுசு இல்ல, சங்க அகப்பாட்டுல தலைவி கூற்று, தோழி கூற்றுன்னு பிரிச்சுத்தானே படிக்கிறோம். ‘பொய்க் கதைசொல்லி’ மட்டும் வேண்டாம்.

இன்னொண்ணு, கோவக்கார டீனேஜ் பையன் பேசினாலே இந்த முத்திரையைக் குத்திடாதீங்க, அவன் சொல்றதுக்கும் நாவல் காட்டுறதுக்கும் முரண் இருக்குன்னு ஒரு காட்சியையாவது எடுத்துக் காட்டணும்.