வீட்டில் செய்த பழ ஐஸும் ஃப்ரீசரில் சாகாத கிருமியும்

"கடையில் வாங்கவே இல்லை டாக்டர், எல்லாம் வீட்டில் செய்ததுதான்." ஏப்ரல், மே மாதங்களில் வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. வீட்டில் செய்தது என்றால் யார் செய்தார் என்று தெரியும், அவ்வளவுதான். எப்படிச் செய்தார்கள் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அண்மையில் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரை ஒரே ஆட்டோவில் அழைத்துவந்தார்கள். விடுமுறைக்கு அம்மச்சி வீட்டுக்கு வந்தவர்கள். மூவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. சின்னவளுக்கு இரண்டு வயது. கண்கள் குழிந்து, அழுதால் கண்ணீர் வராத நிலையில் இருந்தாள். விசாரித்தால் சக்கைப்பழ (பலாப்பழ) ஐஸ். வருக்கைச் சுளையை அரைத்து, தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து, சின்ன டம்ளர்களில் ஊற்றிக் குச்சி செருகி ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்கள். கேட்கும்போதே நல்ல தின்பண்டம் என்று தோன்றுகிறது. நிறச்சாயம் இல்லை, எசன்ஸ் இல்லை, நம் பறம்பில் விளைந்த பழம். செய்த அம்மச்சியின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. அவர் கண்கலங்கிக் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது: "இரண்டு நாள் ஃப்ரீசரில் கல்லாக உறைந்து கிடந்ததே டாக்டர், கிருமி எல்லாம் செத்திருக்காதா?"

சாகாது. எத்தனை பேரிடம் சொன்னாலும் மறுநாள் இன்னொருவர் இதே கேள்வியோடு வருகிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இயங்கும். அந்தக் குளிரில் பாக்டீரியா பெருகாது. பெருகாமல் இருப்பது வேறு, சாவது வேறு. ஒரு பகுதி அழியலாம். மிச்சம் அப்படியே உறங்கிக் கிடக்கும். ஐஸ் நாக்கில் கரைந்து வயிற்றுக்குள் போனதும் அதற்கு வெதுவெதுப்பும் ஈரமும் உணவும் கிடைத்துவிடும். மருத்துவ ஆய்வகங்களில் நாங்கள் பாக்டீரியாவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு பாதுகாக்க விரும்பினால் என்ன செய்கிறோம் தெரியுமா? கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்கிறோம். கிருமியைக் காப்பாற்ற நாங்கள் கையாளும் வழியே குளிர்தான். அதே குளிர் உங்கள் சமையலறையில் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

வைரஸ்கள் இன்னும் மோசம். வாந்தி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸும், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸும் உறைநிலையை எளிதில் தாங்கும். 2013இல் அமெரிக்காவில் உறைந்த மாதுளை முத்துகள் கலந்த பழக் கலவையைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தது. அந்த மாதுளை துருக்கியிலிருந்து போனது. கடல் தாண்டி உறைந்தே பயணம் செய்த பழத்தில் வைரஸ் உயிரோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் வீட்டு ஃப்ரீசரின் இரண்டு நாள் எந்த மூலைக்கு?

சொட்டு மருந்தாகக் கொடுக்கும் ரோட்டா தடுப்பு மருந்து போட்டாயிற்றே என்று சிலர் கேட்கிறார்கள். அது ரோட்டா வைரஸுக்கு எதிரானது மட்டுமே. கிணற்று நீரில் வரும் ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களை அது தடுக்காது.

இன்னொரு பக்கம், "ஐஸ் கொடுத்தால் சளி பிடிக்குமே" என்ற பயம். சளி வைரஸால் வருவது, ஐஸால் வருவதில்லை. ஐஸின் குளிரைக் கண்டு இவ்வளவு அஞ்சும் பெற்றோர், அந்த ஐஸில் சேர்ந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி யோசிப்பதில்லை. எனக்கு உண்மையில் ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

அந்தச் சக்கைப்பழ ஐஸுக்கு வருகிறேன். எந்தப் படியில் கிருமி நுழைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நுழைவதற்கு நான்கு வாசல்கள் திறந்திருந்தன. தேங்காய்த் துருவலில் காய்ச்சாத கிணற்று நீரை ஊற்றிக் கையால் பிழிந்திருக்கிறார்கள். பிழிந்த பாலைச் சூடாக்கவில்லை. பழக்கூழ் காலையிலிருந்து மதியம் வரை மேசையில் இருந்திருக்கிறது. அன்று மாலை இடி மின்னலோடு கோடை மழை, இரவெல்லாம் மின்சாரம் இல்லை, ஐஸ் முழுக்க உருகிப் பின் மறுபடி உறைந்திருக்கிறது. இதில் ஒன்று போதும்.

குமரி மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் கிணறு இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி என்று பெருமையாகச் சொல்வார்கள். சுவையில் எனக்கும் மறுப்பில்லை. கழிவறைத் தொட்டி எத்தனை அடி தள்ளி இருக்கிறது, கோடை மழையின் முதல் வெள்ளம் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்பது சுவையில் தெரியாது. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சும் வீடுகளில்கூட ஐஸுக்கும் ஜூஸுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது ஆன தண்ணீரை மூடிவைத்து ஆறவிட்டு, அதைத்தான் பழ ஐஸுக்குச் சேர்க்க வேண்டும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து ஒரு கொதி விட்டு, ஆறியதும் பழக்கூழில் கலக்குங்கள். கருப்பட்டியில் இருக்கும் மண்ணையும் அப்போதே வடிகட்டிவிடலாம்.

அடுத்து மீன். கடலோர மாவட்டம், எந்த ஃப்ரீசரைத் திறந்தாலும் சாளையோ நெத்திலியோ சூரையோ இருக்கும். குளச்சலிலிருந்து வந்த மீனைக் கடைக்காரர் தந்த பிளாஸ்டிக் பையோடே திணித்து வைக்கிறார்கள். மின்சாரம் போனால் அந்தப் பையிலிருந்து மீன் தண்ணீர் ஒழுகும். அதன் கீழே திறந்த டம்ளரில் பழ ஐஸ். இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம், உங்கள் ஃப்ரீசரை இப்போதே திறந்து பாருங்கள். பச்சை மீனையும் இறைச்சியையும் மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கீழே வையுங்கள். பழம் மேலே, அதுவும் மூடியுள்ள டப்பாவில். மீன் வெட்டும் பலகையிலும் கத்தியிலும் பழம் நறுக்காதீர்கள். பழத்தை உப்பும் மஞ்சளும் போட்டு அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டு அப்புறம் மீன் கத்தியை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊறவைத்த பலன் அங்கேயே போய்விடுகிறது. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதே பழத்துக்குப் போதும். தோலை உரித்துத்தானே சாப்பிடுகிறோம் என்று கழுவாமல் விடாதீர்கள். கத்தி தோல் வழியாகத்தான் சதைக்குள் போகிறது. அதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் அவர் அன்றைக்கு ஐஸ் செய்ய வேண்டாம்.

மரத்தடியில் விழுந்து கிடக்கும் மாம்பழமோ ரம்புட்டானோ வவ்வால் அல்லது அணில் கடித்த தடத்தோடு இருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஐஸுக்கு எடுக்கும் வழக்கம் உண்டு. வேண்டாம், முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் வந்ததும் அதன் பிறகும் கேரளத்தில் அது மறுபடி தலைகாட்டியதும் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்குத் தெரியாத செய்தி இல்லை. அந்த வைரஸின் இயல்பான இருப்பிடம் பழந்தின்னி வவ்வால். பீதி வேண்டாம், ஒரு மாம்பழத்தை இழப்பதில் தயக்கமும் வேண்டாம்.

இனி தேன். மார்த்தாண்டம் தேன் ஊர் பெயர் சொல்லும் பொருள், அதன் தரத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. பழக்கூழில் கலந்தும் கூடாது, உறைய வைத்தும் கூடாது, சேனை என்று நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர் குடலில் அவை ஒன்றும் செய்வதில்லை. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்தால் குழந்தை பால் குடிக்க முடியாமல், தலை நிற்காமல், மூச்சுவிடத் தடுமாறும் நிலைக்குப் போய்விடும். இந்த வித்துகள் ஃப்ரீசர் குளிருக்கும் சாகாது, வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தாலும் சாகாது. சுத்தமான தேனா கலப்படத் தேனா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தேன், கருப்பட்டி, வெல்லம் எல்லாம் சர்க்கரைதான். இரண்டு வயது வரை கூடுதல் இனிப்பே வேண்டாம். அதற்கு மேலும் நன்கு பழுத்த பழத்துக்கு இனிப்புச் சேர்க்க என்ன தேவை? கண்டென்ஸ்டு மில்க் ஒரு டப்பா ஊற்றிவிட்டுச் சத்தான ஐஸ் என்று பெயர் வைக்காதீர்கள். பழத்தைப் பிழிந்து சாறு எடுத்து உறைய வைப்பதைவிட முழுப் பழத்தையே உறைய வையுங்கள். சாற்றில் இருக்கும் இனிப்பையும் சர்க்கரைக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிறது, கடித்துத் தின்னும் முழுப் பழத்தின் இனிப்பை அப்படிச் சேர்ப்பதில்லை.

எனக்குப் பிடித்த முறையைச் சொல்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழத்தை எடுங்கள், செவ்வாழையான செந்துளுவனும் நன்றாக இருக்கும். நன்கு பழுத்ததும் உரித்து (தோலோடு வைத்தால் கறுத்துவிடும், பிறகு உரிப்பதும் பாடு), வில்லைகளாக நறுக்கித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். வேண்டும்போது மிக்சியில் அடித்தால் ஐஸ்கிரீம் போலவே வரும், பாலும் தேவையில்லை சர்க்கரையும் தேவையில்லை. செங்கவருக்கை மாம்பழம், அன்னாசி, கொட்டை நீக்கிய சக்கைச் சுளை எல்லாவற்றையும் இப்படியே செய்யலாம். வீட்டுத் தயிர் சேர்ப்பதானால் காய்ச்சிய பாலில் உறையூற்றியதாக இருக்கட்டும். கூழை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள், அரைத்த கையோடு உள்ளே போக வேண்டும்.

சிப்-அப் போல நீளப் பைகளில் ஊற்றுகிறவர்கள் உணவுக்கென்று விற்கும் பைகளை மட்டும் வாங்குங்கள். பிள்ளைகள் பல்லால் கடித்துத்தான் திறப்பார்கள், கொடுப்பதற்கு முன் வெளிப்புறத்தைக் கழுவி நீங்களே கத்தரித்துக் கொடுங்கள்.

மின்சாரம் போனால் ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், மூடியிருந்தால்தான் குளிர் தங்கும். மின்சாரம் வந்தபின் பார்க்கும்போது உள்ளே இன்னும் பனித்துகள் இருந்தால் மறுபடி உறைய விடலாம். முழுக்க உருகி வெதுவெதுப்பாகிவிட்டால், முக்கியமாகப் பால், தயிர், தேங்காய்ப்பால் கலந்ததாக இருந்தால், கொட்டிவிடுங்கள். பிள்ளைகள் ஒரு நாள் அழட்டும்.

மூச்சடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உறைந்த முழுத் திராட்சை, உரித்த ரம்புட்டான் இரண்டும் சிறு குழந்தையின் தொண்டையை அப்படியே அடைக்கும் வடிவமும் வழுவழுப்பும் கொண்டவை. உறைந்தால் நசுங்கவும் செய்யாது. ஐந்து வயது வரை திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிய பிறகே உறைய வையுங்கள். ரம்புட்டானின் கொட்டையை எடுத்துவிட்டுச் சதையைச் சிறு துண்டுகளாக்குங்கள். மிகச் சிறியவர்களுக்குக் கட்டியாகக் கொடுக்காமல் சற்றுக் கரையவிட்டுக் கரண்டியால் ஊட்டுங்கள். குச்சி ஐஸை வாயில் வைத்துக்கொண்டு ஓடவிடாதீர்கள், அண்ணத்தில் குச்சி குத்தி இரத்தத்தோடு வரும் பிள்ளைகளையும் பார்க்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு சர்க்கரைக் கரைசல். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், வழக்கமான பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுதாகக் கரையுங்கள். பாதிப் பொடி, பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். பழச்சுவை பானங்கள் இதற்கு ஈடாகாது, அவற்றின் சர்க்கரை வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சோற்றையும் நிறுத்தக் கூடாது. நாங்கள் எழுதித்தரும் துத்தநாக மருந்தை, போக்கு நின்றுவிட்டது என்று பாதியில் விடாமல் 14 நாளும் கொடுங்கள். போன வருடம் மிச்சமான ஆண்டிபயாடிக்கைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குடிப்பது எதுவுமே வயிற்றில் நிற்காவிட்டாலோ, நடு இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அருகில் உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.