பாக்கெட்டின் பின்பக்கம்

தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு அம்மா, பையிலிருந்து ராகி பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். "சுகர் வந்ததுலருந்து காலையில இதத்தான் சாப்பிடுறேன் மேடம். ஆனாலும் குறையலையே?"

ராமநாதபுரத்தில் உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் பலரும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தோம். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில். ராகி வெறும் 6 சதவீதம்.

எடையில் அதிகமுள்ள பொருளைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முன்பக்கம் ராகியைப் பெரிதாகக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்றும் சொல்லியாக வேண்டும். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றால் மைதாதான். 'மால்டோடெக்ஸ்ட்ரின்' (மாவுச்சத்திலிருந்து எடுக்கிற பொடி) என்று இருந்தால் அதுவும் சர்க்கரை அளவைச் சட்டென ஏற்றும். 100 கிராமில் 28 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் அது 7 டீஸ்பூன்.

கருப்பட்டி போட்டது என்பதால் தாராளமாகச் சாப்பிடுகிறவர்களும் நம் பக்கம் நிறைய. நம் பனங்காட்டுக் கருப்பட்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

சரி, மைதாவுக்குப் பதிலாக முழுதானியம் சாப்பிடுங்கள் என்கிறோமே, முழுதானியம் என்றால் என்ன? மேலே தவிடு, உள்ளே முளை, நடுவில் மாவு, மூன்றும் சேர்ந்ததுதான். நார்ச்சத்தும் வைட்டமின்களும் தவிட்டிலும் முளையிலும்தான் அதிகம். எண்ணெயும் அங்கேதான் இருக்கிறது. அதனால் அரைத்த மாவு நாளாக நாளாகக் காறல் வாடை அடிக்கும். நம் கடலோர வெக்கையிலும் ஈரக்காற்றிலும் இன்னும் சீக்கிரம் கெடும். மாதக்கணக்கில் கடையில் இருக்க வேண்டிய பொருளில் தவிட்டை நீக்கிவிடுவது விற்பவருக்கு வசதி. குதிரைவாலி அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தால் நன்றாகத் தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மங்கலாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மாவாக வாங்காமல், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மில்லில் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

முழுதானியமே ஆனாலும் அதிலும் மாவுச்சத்து உண்டு, அளவு முக்கியம். அந்த அம்மாவுக்குக் காலையில் கேப்பை (ராகி) ரொட்டி இரண்டும் சூடை மீன் குழம்பும் எழுதிக் கொடுத்தேன். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் குறைக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.