புரோகிரானுலின் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்

டிமென்ஷியா என்றதும் மறதிதான் நினைவுக்கு வரும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சபை பார்க்காமல் பேசுகிறார், இனிப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார், மனைவி காய்ச்சலில் கிடந்தாலும் கண்டுகொள்வதில்லை. ஞாபகமோ நன்றாகவே இருக்கிறது. இது மனநோயாக இருக்கலாம். மூளையின் நெற்றிப் பகுதியும் பொட்டுப் பகுதியும் சுருங்கும் எஃப்.டி.டி. (ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியா) என்ற டிமென்ஷியாவாகவும் இருக்கலாம். இந்த நோயின் ஒரு பரம்பரை வகையைக் காட்டிக்கொடுப்பதுதான் புரோகிரானுலின் ரத்தப் பரிசோதனை.

இரண்டையும் பிரித்தறிய நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம் உதவுகிறது. நரம்பு இழைகள் சிதையும்போது இது ரத்தத்தில் கசியும். எஃப்.டி.டி.யில் நன்றாக ஏறும், மனநோயில் பெரும்பாலும் ஏறாது. ஆனால் வயது கூடினாலும், சிறுநீரகம் பழுதானாலும், அண்மையில் பக்கவாதம் வந்திருந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் ஏறும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் இந்த எண்ணை நம்பக் கூடாது.

எந்த மரபணுவில் கோளாறு என்பதை இந்தப் புரதம் சொல்லாது. பரம்பரை எஃப்.டி.டி.க்குப் பெரும்பாலும் காரணமானவை சி9ஓஆர்எஃப்72, ஜிஆர்என், எம்ஏபிடி என்ற மூன்று மரபணுக்கள். பெற்றோரில் ஒருவருக்குக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு.

மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் எக்ஸோம் பரிசோதனையில், 'எக்ஸோம் நார்மல்' என்று வரும் அறிக்கையோடு பல குடும்பங்கள் நிம்மதியாகிவிடுகின்றன. அது போதாது. 2011இல் கண்டறியப்பட்ட சி9ஓஆர்எஃப்72 கோளாறில் டிஎன்ஏவின் ஆறெழுத்துத் துண்டு ஒன்று நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். சாதாரண எக்ஸோம் அதைப் பிடிக்காது. இப்படித் திரும்ப வரும் துண்டுகளைக் கண்டுபிடிக்கும் ரிப்பீட் ப்ரைம்டு பிசிஆர் என்ற பரிசோதனையைத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். உறவில் யாருக்காவது ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்) வந்திருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜிஆர்என் கதை வேறு. இதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் ரத்தத்தில் புரோகிரானுலின் புரதம் பாதிக்கும் கீழே போய்விடும், அதுவும் நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே. ஆகவே 25 வயதில் எந்தத் தொந்தரவும் இல்லாத மகனுக்கு 'ஒரு புரதம் பார்க்கிறோம்' என்று ரத்தம் எடுத்தால், அது மரபணுப் பரிசோதனையேதான். நோயைத் தடுக்க மருந்து இல்லாத நிலையில், அவர் கேட்காத செய்தியை அவர் கையில் திணிப்பது பெரிய அநியாயம்.

எனவே நோயாளிக்கே முதலில் பரிசோதனை. வைட்டமின் பி12, தைராய்டு குறைபாடு இல்லை என்று உறுதிசெய்த பிறகு, மூன்று தலைமுறை வம்சப் படம் போடுங்கள். யாருக்கு எந்த வயதில் நடத்தை மாறியது, கைகால் நடுக்கமோ தசை மெலிவோ வந்ததா என்று குறியுங்கள். ஜிஆர்என் உள்ள குடும்பத்தில் மாமன் மகள், அத்தை மகன் திருமணம் நடந்திருந்தால் அதையும் குறியுங்கள்: இரண்டு பிரதிகளும் பழுதான பிள்ளைக்கு இளவயதிலேயே பார்வையிழப்பும் வலிப்பும் வரும். நோயில்லாத பிள்ளைகளுக்கு 18 வயது நிறைந்து, மரபணு ஆலோசனை முடிந்து, அவர்களே கேட்டால் மட்டும் ரத்தம் எடுக்கலாம்.