அதே படம், அதே கடல்: 4கே இறுவட்டுக்கு இன்னொரு முறை காசு கொடுக்கலாமா?

லண்டனில் இருக்கும் தங்கச்சி ஆவணி விடுமுறைக்குத் திருகோணமலை வருகிறாள். என்ன கொண்டு வர என்று கேட்டதற்கு அக்காவின் மகன் அனுப்பிய பட்டியலில் இரண்டு அனிமேஷன் படங்களின் 4கே இறுவட்டுகள் இருந்தன. இரண்டுமே சாதாரண புளூ-ரேயாக அவனிடம் ஏற்கெனவே இருப்பவைதான். ஒன்று 2000களில் கணினியில் செய்த படம். மற்றது நான் பிறக்க முந்தியே கையால் வரைந்தது. "மாமா, திரும்ப வாங்கினால் வித்தியாசம் தெரியுமோ?" என்று கேட்டான்.

பெட்டியில் இருக்கிற எண்ணைப் பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. புளூ-ரே படம் 1920 × 1080, கிட்டத்தட்ட 2.1 மில்லியன் புள்ளிகள். 4கே என்றால் 3840 × 2160, அதாவது 8.3 மில்லியன். ஆனால் இறுவட்டில் எத்தனை புள்ளி இருக்கிறது என்பது வேறு, படம் பிறந்தபோது எத்தனை இருந்தது என்பது வேறு.

கணினி அனிமேஷனில் ஒவ்வொரு சட்டத்தையும் (ஃபிரேம், அதாவது ஓடும் படத்தின் தனித்தனிப் படம்) கணினி கணக்குப் போட்டு வரைய வேண்டும். நொடிக்கு 24 சட்டம் என்றால் தொண்ணூறு நிமிடப் படத்துக்கு 1,29,600 சட்டங்கள். ஒரு சட்டத்துக்கே மணிக்கணக்கில் எடுக்கலாம். புள்ளிகளை நாலு மடங்காக்கினால் அந்த நேரமும் ஏறக்குறைய நாலு மடங்காகும். அதனால் கணினிப் படங்களில் மிகப் பல, திரையரங்குக்குப் போனவை கூட, 2கே அளவில்தான் செய்யப்பட்டன. அது புளூ-ரேயை விடக் கொஞ்சமே பெரியது. 1995இல் வந்த டாய் ஸ்டோரியின் சட்டங்கள் 1536 × 922 அளவில் கணிக்கப்பட்டவை, புளூ-ரேக்கும் கீழே. இப்படிப்பட்ட படத்தை 4கேயில் போடும்போது, இல்லாத புள்ளிகளை மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அதே வேலையை வீட்டு டிவியும் ஓரளவு நன்றாகவே செய்துவிடும்.

கையால் வரைந்த பழைய படத்தின் கதை வேறு. செலுலாயிட் தாளில் மை பூசி, வர்ணம் தீட்டி, கேமராவுக்குக் கீழே வைத்து 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். பிலிமில் புள்ளிக் கணக்கு கிடையாது, வெள்ளி உப்பில் இருந்து உண்டாகும் பொடிப் பொடி மணிகள் (கிரெய்ன்) தான். நல்ல நெகட்டிவ் கிடைத்தால் 4கே ஸ்கேனில் கோட்டின் நடுக்கம், தூரிகை போன தடம் எல்லாம் வரும். ஆனால் இதற்கும் ஒரு எதிரி உண்டு: சுத்தம் செய்கிறேன் என்று புறப்படுகிறவர்கள். பிலிமின் மணியைக் கழுவும் மென்பொருளுக்கு மணி எது, மெல்லிய மைக்கோடு எது என்று தெரியாது. 1950இல் வந்த சிண்டரெல்லாவின் 2012 புளூ-ரேயில் ஆடை மடிப்புக் கோடுகள் சில மணியோடு சேர்ந்து மறைந்து போயின. 2023இல் புதிதாக மீட்டெடுத்து வந்த 4கே பதிப்பில் அவை திரும்பின. வாங்க வேண்டிய 4கே எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த மாதிரி ஒன்றைத்தான்.

அப்படியென்றால் கணினிப் படத்துக்கு 4கே சும்மா ஏமாற்றா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உப்புவெளியில் ஒரு நண்பர் வீட்டில் 55 அங்குல ஓலெட் டிவி இருக்கிறது. மருமகன் கேட்ட அந்தக் கணினிப் படத்தின் இரண்டு பதிப்பும் அவரிடம் இருந்தன. ஒரே காட்சியில் நிறுத்தி, பூதக்கண்ணாடியோடு திரைக்குக் கிட்டப் போனேன். விடியற்காலைக் கடல், நீல நீரில் ஒரு சிவப்புப் படகு.

புளூ-ரேயில் படகின் விளிம்பு நீலத்துக்குள் லேசாகக் கசிந்திருந்தது, ஈரத்துணியில் சாயம் ஊறுவது போல. 4கேயில் விளிம்பு நறுக்கென்று நின்றது. படம் 2கேயில்தானே பிறந்தது, பிறகு எப்படி? நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. இதை நம்பி, வீடியோவில் நிறத்தை மட்டும் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று குறைத்துச் சேமிக்கிறார்கள். எனவே புளூ-ரேயில் வெளிச்சம் 1920 × 1080, நிறமோ வெறும் 960 × 540. 4கே இறுவட்டிலும் இதே பாதிக் கணக்குத்தான், ஆனால் அதன் பாதி 1920 × 1080. 2கேயில் பிறந்த படத்தின் நிறம் ஏறக்குறைய முழுதாக வந்து சேருவது 4கே இறுவட்டில்தான்! அனிமேஷனில் அடர்ந்த நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வெட்டென்று நிற்பதால் இது கண்ணில் படுகிறது.

அடுத்தது வானம். டச் பே கரையில் விடியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செம்மஞ்சள் எங்கே முடிந்து நீலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. புளூ-ரேயில் அதே வானம் பட்டை பட்டையாக இருந்தது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், கறுப்பில் இருந்து வெள்ளை வரை 219 படிகள். வானம் அதில் நாற்பது படிகளை மட்டும் பயன்படுத்தி 55 அங்குலத் திரையின் ஒரு கரையில் இருந்து மறுகரைக்குப் போனால், ஒவ்வொரு பட்டையும் மூன்று சென்டிமீட்டர் அகலம். கேமராவில் எடுத்த படத்தில் இது அவ்வளவு தெரியாது. கேமராவின் இரைச்சலும் பிலிமின் மணியும், படிக்கட்டில் கடற்கரை மணல் பரவினாற்போல விளிம்புகளை மறைத்துவிடும். கணினி வரைந்த வானத்தில் மணல் இல்லை.

4கே இறுவட்டில் 10 பிட், 876 படிகள். நாலு மடங்கு நைசு என்று விளம்பரம் சொல்லும், நம்பாதீர்கள். வெளிச்சமான இடங்களை இன்னும் பிரகாசமாகக் காட்டும் எச்டிஆர் முறையில் அந்தப் படிகளை 10,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை பங்கிட வேண்டும். பழைய புளூ-ரேயின் உச்சமான 100 நிட்ஸுக்குள் கிடைப்பது ஏறத்தாழ பாதிப் படிகள். ஆகவே லாபம் இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கே வானத்தைச் சீராக்கப் போதுமாக இருந்தது. மிச்சப் பாதி, அலையில் சூரியன் பட்டுத் தெறிக்கும் இடத்துக்குப் போகிறது. அந்த ஒரு தெறிப்புக்கு நண்பர் ஒவ்வொரு தடவையும் "பாருங்கோ, பாருங்கோ" என்கிறார்.

சரி, இதெல்லாம் உப்புவெளியில். உவர்மலையில் அக்கா வீட்டில் இருப்பது 43 அங்குலம், கதிரை ஒன்பது அடி தள்ளி. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அந்தக் கணக்கில் 43 அங்குலத் திரையின் 1080 புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பாலேயே ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒன்பது அடியில் இருந்து 8.3 மில்லியனையும் 2.1 மில்லியனையும் பிரிக்க முடியாது. அந்த டிவியின் பெட்டியில் எச்டிஆர் என்று எழுதியிருப்பது உண்மை. ஆனால் அதன் உச்ச வெளிச்சம் 300 நிட்ஸ். 1,000 நிட்ஸுக்குச் செய்த படத்தை அதற்குள் அடக்கும்போது சில டிவிகள் படம் முழுவதையும் மங்கலாக்கிவிடும். இந்த மாதிரி டிவியில் 4கே பார்ப்பதை விட நல்ல புளூ-ரே பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. புளூ-ரேக்கு நாடுகளைப் பிரித்து வைத்த வலயப் பூட்டு உண்டு: லண்டன் பி வலயம், நாம் சி வலயம். அங்கே வாங்கும் புளூ-ரே இங்கே ஓடாமல் போகலாம். 4கே இறுவட்டுக்கு அந்தப் பூட்டு இல்லை. அவனுடைய பிளேஸ்டேஷன் 5 தட்டுப் போடும் வகை என்பதால் தனியாக பிளேயர் வாங்கும் செலவும் இல்லை.

கடைசியில் தங்கச்சிக்கு எழுதியது இதுதான்: கையால் வரைந்த படத்தைக் கொண்டு வா, கணினிப் படம் இப்போதைக்கு வேண்டாம். பழைய படம் ஒன்பது அடியில் இருந்து என்ன தெரியும் என்று அக்கா கேட்டார். கதிரையை ஐந்தடிக்கு இழுப்பதாக மருமகன் வாக்குக் கொடுத்திருக்கிறான். பின்னேர வெயில் யன்னல் வழியாக நேரே திரையில் விழுந்து இருட்டுக் காட்சிகளைத் தின்றுவிடும் என்று நான் சொல்லிவைத்ததால், அக்கா இப்போது யன்னலுக்குத் தடித்த துணி அளந்துகொண்டிருக்கிறார்.