இரண்டு துலாம், நடுவில் 24 நாள்

செப்டம்பர் 23ஆம் தேதி ஏதாவது ஒரு ஆங்கில இதழை எடுத்து ராசிபலன் பக்கத்தைப் புரட்டினால், சூரியன் துலாத்துக்கு வந்துவிட்டதாகப் போட்டிருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைக்குப் புரட்டாசி 7. சூரியன் இன்னும் கன்னியை விட்டுக் கிளம்பவில்லை. துலாத்துக்கு வர அக்டோபர் 17 அல்லது 18 ஆகும்; ஐப்பசி பிறப்பதே அப்போதுதான். அக்டோபர் முதல் வாரத்தில் பிறந்த பேரன் அமெரிக்காவிலிருந்து "நான் லிப்ரா" என்கிறான். ஜாதகத்தைக் கையில் வைத்திருக்கும் பாட்டி, "இல்லடா, உனக்குச் சூரியன் கன்னியில" என்கிறாள். (நம் ஊரில் ராசி என்று கேட்டால் சந்திரன் நின்ற ராசியைச் சொல்வோம். அது வேறு கதை.)

யார் கணக்குத் தப்பு? இரண்டிலும் கூட்டல் கழித்தல் பிழை கிடையாது. பேரனின் கணக்கு பருவத்தை அளக்கிறது, பாட்டியின் கணக்கு நட்சத்திரத்தை. சுமார் 1,700 வருடங்களுக்கு முன்னால் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

பருவக் கணக்கை மொட்டை மாடியிலேயே சரிபார்க்கலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்க வேண்டும். மற்ற நாட்களில் புள்ளிகளைச் சேர்த்தால் வில் போல வளையும். செப்டம்பர் 22, 23 தேதிகளில் மட்டும் அது கோடு போட்ட மாதிரி நேராக வரும், அதுவும் அச்சு அசலாகக் கிழக்கு மேற்காக. சென்னையில் அன்று மதியம் 12 மணி 2 நிமிட அளவில் நிழல் மிகக் குட்டையாகி, வடக்கே 23 சென்டிமீட்டர் நீளத்துக்கு விழும். நான் செய்து பார்த்தபோது பாதிப் புள்ளிகளை மேகம் தின்றுவிட்டது. புரட்டாசி வானத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் கூடாது. கிடைத்த பாதி நேர்க்கோட்டில்தான் இருந்தது. கோல் நட்டு நிழலைப் பார்த்து அரண்மனைக்குத் திசை குறித்த கட்டடக்காரர்கள் சங்க நூலான நெடுநல்வாடையிலேயே வருகிறார்கள், ஆகவே இது ஒன்றும் புது வித்தை இல்லை.

நிழல் ஏன் நேர்க்கோட்டில் போகிறது? பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் வருடத்தில் பாதி நாள் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் மீதி நாள் தெற்கேயும் நிற்பதாகத் தெரிகிறது. வடக்கிலிருந்து தெற்கே போகும் வழியில் அது நிலநடுக்கோட்டை நேர் மேலே கடக்கும் கணம்தான் செப்டம்பரில் வருகிறது. 2025இல் அது இந்திய நேரப்படி செப்டம்பர் 22 இரவு 11.49க்கு நிகழ்ந்தது. அந்த நாளில் சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். பகலும் இரவும் சமம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். கறாராகப் பார்த்தால் சென்னையில் அன்றைய பகல் ஆறேழு நிமிடம் கூடுதல். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் தட்டாக இருப்பதும், அதன் ஒளியைக் காற்று மண்டலம் வளைத்து முன்கூட்டியே காட்டிவிடுவதும்தான் காரணம்.

மேலை ஜோதிடத்தில் இந்தக் கணம்தான் துலாத்தின் வாசற்படி. பகலும் இரவும் எடைக்கு எடை நிற்கும் இடத்தில் தராசுச் சின்னம் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது! பாபிலோனியர்கள் அந்த நட்சத்திரக் கூட்டத்தைத் தராசு என்றார்கள். பழைய கிரேக்கர்களுக்கு அது பக்கத்தில் இருக்கும் விருச்சிகத்தின் கொடுக்கு. இன்றைக்கும் துலாத்தின் பிரகாசமான இரண்டு நட்சத்திரங்களின் அரபுப் பெயருக்குத் தென்கொடுக்கு, வடகொடுக்கு என்றுதான் அர்த்தம். தேளிடமிருந்து கொடுக்கைப் பிடுங்கித் தராசு செய்திருக்கிறார்கள்.

துலாத்தில் சூரியன் நீசம் (பலம் குன்றிய நிலை), சனி உச்சம் (பலம் கூடிய நிலை) என்று ஜோதிடம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இது ஏன் என்று கேட்டால் பல பேர் "சாஸ்திரம்" என்று முடித்துக்கொள்வார்கள். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் எழுதிய தாலமி இதற்குக் காரணமே சொல்கிறார். மேஷத்துக்கு வரும்போது பகல் நீளத் தொடங்கி வெப்பம் ஏறுகிறது, எனவே சூரியனுக்கு அங்கே உச்சம். துலாத்தில் பகல் குறையத் தொடங்குகிறது, எனவே நீசம். சனி குளிர்ந்த கிரகம் என்று நம்பிய காலம் அது. அதனால் வெப்பம் குறையும் இடத்தில் சனிக்கு மவுசு கூடுகிறது. ஆக, நீசம் என்பது அடிப்படையில் ஒரு பருவ வர்ணனை. மத்தியதரைக் கடலோரத்தில் இருந்துகொண்டு ஒருவர் எழுதிய வானிலைக் குறிப்பு என்றுகூடச் சொல்லலாம். அதே செப்டம்பரில் சிட்னியில் வசந்தம் தொடங்கும். தாலமியின் தர்க்கத்தை அங்கே கொண்டுபோனால் சூரியன் உச்சமாக வேண்டும். ஆனால் அங்குள்ள ஜோதிடர்கள் பெரும்பாலும் வடக்கின் அர்த்தத்தையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இலையுதிர் காலத்துக்கு ஐரோப்பாவில் இத்தனை ஆன்மிகக் கனம் வந்ததற்கும் காரணத்தை அட்சரேகையில்தான் தேட வேண்டும். செப்டம்பர் கடைசியில் லண்டனில் ஒவ்வொரு நாளும் பகல் கிட்டத்தட்ட 4 நிமிடம் சுருங்குகிறது. ஒரு வாரத்தில் அரை மணி நேரம் கையை விட்டுப் போய்விடும். சென்னையில் நாளுக்கு 45 விநாடிகூட முழுதாகக் குறையாது. யார் கவனிக்கப் போகிறார்கள்? பகல் குறைவதைக் குளிர்நாட்டு மரங்கள் உணர்ந்து பச்சையத்தைச் சிதைத்து இலையைக் கழற்றுகின்றன. உள்ளே திரும்பு, விட்டுக்கொடு, அறுவடையைக் கணக்குப் பார் என்று மேலை ஜோதிடம் துலாத்தையும் விருச்சிகத்தையும் பற்றிப் பேசுவதெல்லாம் அந்த நிலத்தின் கண் முன்னால் நடப்பதுதான். நம் ஊர்க் காட்டு மரங்கள் தண்ணீர் வற்றும் மாசி, பங்குனியில்தான் இலை உதிர்க்கும். 'இலையுதிர் காலம்' பாடப்புத்தகம் வழியாக வந்த பெயர். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் நம்மிடம் இருந்த பெயர் கூதிர், அதில் இலை இல்லை, குளிரும் மழையும்தான்.

ஜப்பானியர்கள் இதே நாளை வேறு விதமாகப் படித்திருக்கிறார்கள். சமபகல் நாளை நடுவில் வைத்து ஏழு நாள் 'ஹிகான்' அனுசரித்து, கல்லறைகளைச் சுத்தம் செய்து முன்னோரை வணங்குகிறார்கள். ஹிகான் என்றால் அக்கரை. அமிதாப புத்தரின் தூய உலகம் மேற்கே இருக்கிறது என்பது நம்பிக்கை, சூரியனும் அன்று நேர் மேற்கில் மறைகிறது. எனக்கு இந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதில் பருவத்தைவிடத் திசை முக்கியம். அங்கே அது அரசு விடுமுறை நாள் வேறு. அதன் தேதி வானியலாளர்களின் கணிப்பை வைத்து முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அரசிதழில் வெளியாகும்.

சரி, இரண்டு துலாம் எப்படிப் பிரிந்தன? இந்தக் கதையின் நாயகன் நமக்குத் தெரிந்த சித்திரை நட்சத்திரம்தான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் திமோகாரிஸ் என்ற வானியலாளர், செப்டம்பர் சமபகல் புள்ளிக்கு (அந்த நாளில் நட்சத்திரங்களுக்கு நடுவே சூரியன் நிற்கும் இடம்) சித்திரை 8 டிகிரி மேற்கே இருப்பதாக அளந்து வைத்தார். சுமார் 150 வருடம் கழித்துக் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் அளந்தபோது அது 6 டிகிரியாகியிருந்தது. முன்னவர் கைத்தவறு என்று தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஹிப்பார்க்கஸ் அப்படிச் செய்யாமல், புள்ளியே நகர்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

வேகம் குறையும் பம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிக்கொண்டே அதன் தலை மெதுவாக ஒரு வட்டம் போடும். பூமியும் அப்படித்தான் தலையாட்டுகிறது. பூமியின் நடு வயிறு கொஞ்சம் பருமன். நிலநடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட 43 கிலோமீட்டர் அதிகம். அந்தப் பருத்த இடத்தைச் சூரியனும் சந்திரனும் பிடித்து இழுப்பதால் அச்சு திசை மாறுகிறது. ஒரு முழு வட்டம் போட ஏறக்குறைய 25,800 வருடம், அதாவது ஒரு டிகிரிக்குச் சுமார் 72 வருடம். காரணத்தை 1687இல் நியூட்டன்தான் விளக்கினார். அச்சு திரும்பினால் சமபகல் புள்ளியும் நட்சத்திரங்களுக்கு நடுவே நகர்ந்துதானே ஆக வேண்டும்? பருவ வருடம் 365 நாள் 5 மணி 48¾ நிமிடம். அதே நட்சத்திரத்துக்குச் சூரியன் திரும்பிவர அதைவிட 20 நிமிடம் கூடுதலாகும். இந்த 20 நிமிடம் சேர்ந்து சேர்ந்து சுமார் 71 வருடத்தில் ஒரு நாளாகிவிடுகிறது.

கி.பி. 285ஐ ஒட்டிச் சித்திரை நட்சத்திரமும் சமபகல் புள்ளியும் ஒரே இடத்தில் நின்றன. இந்தியாவில் இன்று பரவலாகப் புழங்கும் லாகிரி அயனாம்சம் (இரண்டு கணக்குக்கும் இடையிலான விலகலைச் சொல்லும் அளவு) சித்திரையைத்தான் துலாத்தின் வாசலில் நட்டு வைத்திருக்கிறது. சமபகல் புள்ளி அங்கிருந்து இப்போது 24 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே விலகி, உத்திர நட்சத்திரப் பக்கம் போய்விட்டது. காலண்டரில் தெரியும் 24 நாள் இடைவெளி அந்த 24 டிகிரிதான். ஐப்பசி பிறக்கும்போது சூரியன் சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறது. சூரிய வெளிச்சத்தில் அதைப் பார்க்க முடியாது. ஆறு மாதம் காத்திருந்து சித்திரைப் பௌர்ணமியன்று நிமிர்ந்து பார்த்தால், முழு நிலாவுக்கு அக்கம்பக்கத்தில் வெளிர்நீலமாக மின்னும். மாதத்துக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.

நம்மவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர், பழைய நூல்களில் ஆயில்யத்தின் பாதியில் தொடங்கிய தட்சிணாயனம் (சூரியனின் தெற்கு நோக்கிய பயணம்) தம் காலத்தில் கடகத் தொடக்கத்துக்கு வந்துவிட்டது என்று குறிப்பிட்டு, சந்தேகம் இருந்தால் நேரில் பார்த்துச் சோதித்துக்கொள்ளவும் சொன்னார். பிறகு ஏன் பஞ்சாங்கம் நட்சத்திரத்தோடே போனது? என் ஊகம், தினம் இரவு வானத்தைப் பார்ப்பவர்களுக்கு நட்சத்திரம்தான் கைக்கெட்டிய மைல்கல். கம்பு நட்டு நிழலை அளப்பவர்கள் குறைவு. பழைய சூத்திர வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் வருடம் உண்மையான நட்சத்திர வருடத்தைவிட இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல் நீளம். இன்றைய வானியல் அளவுகளை வைத்துக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கம் அதைத் திருத்திக்கொண்டது.

வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு பருவத்தோடு ஒட்டிப்போக ஒரு வழி சொன்னது. 1957 மார்ச் 22 முதல் நடப்பில் இருக்கும் அரசின் சக நாட்காட்டியில் ஆசுவின மாதம் செப்டம்பர் 23இல்தான் பிறக்கிறது, சமபகல் நாளை ஒட்டி. அரசிதழில் தேதியாக அது அச்சாகிறது. அதைப் பார்த்து நாள் குறித்த ஒரு கல்யாணத்துக்கும் நான் போனதில்லை.

பஞ்சாங்கத்தில் ஐப்பசி முதல் நாளுக்கு இன்னமும் துலா விஷு என்றுதான் பெயர். விஷு என்றால் இரவும் பகலும் சமமாகும் வேளை. அந்த வேளை புரட்டாசி முதல் வாரத்திலேயே கடந்து போய்விட்டது. பெயர் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. மயிலாடுதுறையில் அன்றைக்குத் துலா முழுக்குத் தொடங்கி, ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்கு வரை ஒரு மாதம் நடக்கும். அடைமழையில் நனைந்தபடி காவிரிப் படித்துறையில் முங்கி எழுகிறவர்களிடம் போய் 24 நாள் லேட் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னாலும் அவர்களிடம் பதில் இருக்கும். கடைமுழுக்குக்கு நேரத்துக்கு வந்துசேர முடியாத முடவர் ஒருவர், கார்த்திகை முதல் நாள்தான் காவிரியில் இறங்கினாராம். சிவன் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார் என்று இன்றைக்கும் அந்த நாளில் முடவன் முழுக்கு நடக்கிறது.